‘வெளியே போ’ என்னும் அதிகாரம்

வியாபாரிகளின் பத்திரிகையில் பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றி என்ன பேச்சு என்று சகோதரர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். விளையாட்டைப் பற்றி எழுதுவது என் நோக்கமன்று. ஒரு மனிதன் மற்றொரு மனிதனைப் பார்த்து, ‘வெளியே போ, இனி இந்தப் பக்கம் வராதே’ என்று சொல்வதற்கு அதிகாரம் எங்கிருந்து கிடைக்கிறது, அந்த அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்பதுதான் கேள்வி. கடை வைத்திருப்பவர்களுக்கும் ஜமாஅத்தில் பொறுப்பு வகித்தவர்களுக்கும் இது பழைய கேள்வி. ஆனால் இன்று இதற்கு நம்மைவிட அதிகமாக, இரவுதோறும் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நம் வீட்டுப் பின்னறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். ஆகையால்தான் எழுதத் துணிந்தேன்.

முதலில் விஷயத்தை விளக்கிவிடுகிறேன். பலர் சேர்ந்து விளையாடும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் எல்லாரும் வந்து கூடும் இடத்துக்கு ‘சர்வர்’ என்று பெயர். ஹோட்டலில் தோசை கொண்டுவந்து வைப்பவரும் சர்வர்தான். இதுவும் கேட்டதைக் கொண்டுவந்து கொடுக்கும் யந்திரமே என்பதால் பெயர் பொருந்தாமல் இல்லை. ‘மைன்கிராப்ட்’ என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். ஸ்வீடன் தேசத்தில் தோன்றியது. அதை நடத்திய மொஜாங் நிறுவனத்தை 2014-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் கம்பெனி 250 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கிற்று. இதில் சண்டையைவிடக் கட்டுமானமே பெரிது. கல்லைத் தோண்டி, மரத்தை அறுத்து, வீடும் கோட்டையும் துறைமுகமும் பள்ளிவாசலும்கூடக் கட்டுகிறார்கள். பெட்டி செய்து அதில் இரும்பும் தங்கமும் வைரமும் சேர்த்து வைக்கிறார்கள். இதற்கான சர்வரை யார் வேண்டுமானாலும் தம் வீட்டுக் கம்ப்யூட்டரிலோ, மாதம் சில வெள்ளி வாடகை கொடுத்து வேறிடத்திலோ நடத்தலாம். நடத்துகிறவனே அங்கே சுல்தான். அவன் நியமிக்கும் கண்காணிப்பாளனுக்கு ‘மாடரேட்டர்’ என்று பெயர். ஒருவன் வாயை அடைக்கவும், சற்று நேரம் வெளியே தள்ளவும், ஒரேயடியாக விலக்கி வைக்கவும் அவன் ஒரு வரி தட்டினால் போதும். கடைசியாகச் சொன்னதைப் பையன்கள் ‘பேன்’ என்கிறார்கள். தலையில் ஊரும் பேன் அல்ல. நம் ஊர்களில் ‘ஊர்விலக்கு’ என்று சொன்னோமே, அதுதான்.

கண்காணிப்பே வேண்டாம், அவரவர் இஷ்டப்படி இருக்கட்டும் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? அதையும் பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள். 2010-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய ‘டூ பீ டூ டீ’ என்ற மைன்கிராப்ட் சர்வரில் சட்டம் என்று ஒன்றுமே வைக்கவில்லை. திருடலாம், இடிக்கலாம், ஏமாற்றலாம். விளைவு என்ன? புதிதாக வருகிறவன் கால் வைக்கும் இடம் முழுவதும் குண்டும் குழியுமாக, புல் பூண்டு இல்லாத பாழ்நிலமாகப் போய்விட்டது. ஏதேனும் கட்ட நினைப்பவன் அங்கிருந்து வெகுதூரம் நடந்து போய், ஒருவருக்கும் தெரியாமல் ஒளிந்துதான் கட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் என்ற ஒருவனே இருக்க முடியாத ஊர் அது. பலகையை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்து வியாபாரம் செய்பவர்களுக்கு அதன் பொருள் சட்டென்று விளங்கும். ஆகவே கண்காணிப்பு வேண்டும் என்பதில் தர்க்கம் இல்லை. எப்படி, எவ்வளவு என்பதில்தான் தர்க்கம்.

என் தமக்கை மகன் ஒருவன் இப்படியொரு சர்வர் நடத்துகிறான். இரவில் முப்பது நாற்பது பேர் கூடுவார்கள். பாதிப் பேர் ஜொகூரிலும் ஈப்போவிலும் இருப்பவர்கள். சென்ற ஆண்டு ஒரு வழக்கு அவனிடம் வந்தது. எட்டு மாதமாக அங்கே விளையாடி, ஒரு துறைமுகமே கட்டி வைத்திருந்த பையன் ஒருவன், இன்னொருவனுடைய சுவரை உடைத்துவிட்டான். ‘கோர்புரொடெக்ட்’ என்று ஒரு கணக்குப்பிள்ளை அந்தச் சர்வரில் இருக்கிறது. எந்தக் கல்லை எவன் எந்த நிமிஷத்தில் எடுத்தான், எந்தப் பெட்டியில் எதை வைத்தான் என்று அது குறித்து வைத்துக்கொண்டே இருக்கும். நம் பேரேட்டைவிடச் சுத்தமான பேரேடு. அதைப் பார்த்த மாடரேட்டர் பையன் நள்ளிரவில், ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், உடைத்தவனை என்றென்றைக்கும் விலக்கிவிட்டான். ஒரு மணி நேரத்துக்குள் மற்றவர்கள் அவனுடைய பெட்டிகளைத் திறந்து வைரத்தையும் தங்கத்தையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். மாடரேட்டருக்கும் ஒரு பங்கு!

இரண்டு நாள் கழித்து, விலக்கப்பட்டவன் சேதி வேறொரு நண்பன் மூலம் வந்தது. அந்தச் சுவரைத் தன்னுடைய கல்லைக் கொண்டு தானேதான் கட்டிக் கொடுத்தானாம். பேசிய கூலியை எதிராளி கொடுக்கவில்லையாம். அதனால் கல்லைத் திரும்ப எடுத்தானாம். பேரேட்டைப் புரட்டினால் அதுவும் உண்மை. யார் உடைத்தான் என்பதைப் பேரேடு சொல்லிற்று. ஏன் உடைத்தான் என்பதை எந்தப் பேரேடும் சொல்லாது. அதை ஆளைக் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும்.

என் மருமகன் சொன்ன சமாதானம் இதுதான்: “மாமா, சர்வர் என்னுடையது. வாடகை நான் கொடுக்கிறேன். நீங்கள் மட்டும் கடையில் தகராறு செய்பவனை வெளியே அனுப்புவதில்லையா?” நியாயமான கேள்வி. குடித்துவிட்டு வந்து கூச்சல் போடுகிறவனுக்குச் சரக்கு இல்லை என்று சொல்லும் உரிமை எனக்கு உண்டு. காரணம் சொல்ல வேண்டியதுகூட இல்லை. ஆனால் அவன் சரக்கு வாங்க வந்த ஆள். என்னிடம் பணத்தையோ பெட்டியையோ அமானிதமாக வைத்துவிட்டுப் போனவன் ஒருவன் இருக்கிறான் அல்லவா? நம் பெரியவர்கள் காலத்தில் கப்பலேறிப் போகிறவர்கள் நாணயமான கடைக்காரரிடம் பணத்தைக் கொடுத்து வைத்துவிட்டுப் போவார்கள். அவன் நாளைக்கு என் வாசலில் வந்து தகராறு செய்தால், கடைக்குள் வராதே என்று நான் சொல்லலாம். ‘வராதே, உன் பெட்டியும் எனக்கே’ என்று சொல்ல முடியுமா? விலக்குவது ஒரு தண்டனை. பறிமுதல் செய்வது வேறொரு தண்டனை. இந்த விளையாட்டு உலகில் முதல் தண்டனையைக் கொடுத்தால் இரண்டாவது தானாகவே ஒட்டிக்கொண்டு வருகிறது என்பதையும், அதை யாரும் யோசிப்பதில்லை என்பதையும்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இடம் சர்வர்காரனுடையது. உழைப்பு வந்தவனுடையது. எட்டு மாத உழைப்பைத் தன் இடத்தில் வைக்கச் சொல்லி அழைத்தவன் வெறும் கடைக்காரன் அல்லன், அமானிதக்காரன்.

நிற்க. கடைத்தெருவைக் கண்காணிப்பது நம் மார்க்கத்தில் புதிய விஷயமன்று. முஹ்தஸிப் என்றொரு உத்தியோகமே இருந்தது. தராசையும் படிக்கல்லையும் பார்ப்பது, கலப்படத்தைப் பிடிப்பது, நடைபாதையை அடைத்துக்கொண்டு கடை பரப்புகிறவர்களை ஒதுக்குவது எல்லாம் அவர் வேலை. இமாம் மாவர்தீ தமது ‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’ என்னும் கிதாபில் இதற்கென்று ஓர் அத்தியாயமே வைத்து, நியமிக்கப்பட்ட முஹ்தஸிபுக்கும் தாமாக முன்வந்து நன்மையை ஏவுகிறவருக்கும் உள்ள வித்தியாசங்களைக் கூறியிருக்கிறார். இமாம் கஸ்ஸாலியோ ‘இஹ்யா’வில் படிகள் வகுக்கிறார். தவறு என்று தெரியாமல் செய்பவனுக்குத் தெரிவிப்பது, பிறகு இதமாக உபதேசிப்பது, பிறகு கடிந்து பேசுவது, கையால் தடுப்பது அதற்கும் பிறகுதான். நம் பிள்ளைகள் ஏணியின் உச்சிப் படியில் முதற்காலை வைக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சம்பவம் நமக்கெல்லாம் தெரியும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டபோது அடியில் ஈரம் தட்டிற்று. மேலே காய்ந்தது, கீழே நனைந்தது. அவர்கள் முதலில் செய்தது, இது என்னவென்று அந்த வியாபாரியைக் கேட்டது. அவர் மழையில் நனைந்துவிட்டது என்று பதில் சொன்னார், அதைக் கேட்டுக்கொண்டார்கள். நனைந்ததை ஜனங்கள் பார்க்கும்படி மேலே போட்டிருக்கலாமே என்று வழியும் காட்டினார்கள். வஞ்சனையைப் பற்றிக் கடுமையான எச்சரிக்கையும் செய்தார்கள். வியாபாரிகளான நாம் அந்த எச்சரிக்கையை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். முன்னால் நடந்ததைப் பாருங்கள். கை விட்டது விற்பனைக்குப் பரப்பிய குவியலில். அவருடைய வீட்டுப் பத்தாயத்தில் அல்ல. கேள்வி கேட்டார்கள், பதிலுக்கு இடம் கொடுத்தார்கள், குற்றம் இன்னதென்று வாய்விட்டுச் சொன்னார்கள், திருத்திக்கொள்ளும் வழியும் சொன்னார்கள். அந்த மனிதர் சந்தையை விட்டுத் துரத்தப்பட்டதாக அதில் இல்லை. ஹஜ்ரத் அலி (ரலி) அவர்களை யமன் தேசத்துக்குக் காஜியாக அனுப்பியபோதும், ஒரு கட்சி பேசியதைப் போலவே மறு கட்சியையும் கேட்காமல் தீர்ப்புக் கூற வேண்டாம் என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த உபதேசம். கோபத்தில் இருக்கும்போது தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதும் ஹதீஸே. நள்ளிரவில், பாதித் தூக்கத்தில், தானும் அதே விளையாட்டில் தோற்ற எரிச்சலோடு மாடரேட்டர் வேலை பார்க்கும் பையன்களுக்கு இதைவிடப் பொருத்தமான வார்த்தை வேறு இல்லை.

முப்பது பேர் சர்வருக்கு இது சரி, கோடிக்கணக்கானவர் விளையாடும் இடத்தில் ஒவ்வொருவனையும் கூப்பிட்டு விசாரிக்க முடியுமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ‘லீக் ஆப் லெஜெண்ட்ஸ்’ என்ற விளையாட்டை நடத்தும் அமெரிக்காவின் ரையட் கம்பெனி 2011-இல் ஒரு பஞ்சாயத்து முறையை ஏற்படுத்திற்று. புகாருக்கு உள்ளானவன் பேசிய பேச்சையெல்லாம் மற்ற ஆட்டக்காரர்கள் முன் வைப்பார்கள். அவர்கள் தண்டனை அல்லது மன்னிப்பு என்று வாக்குப் போடுவார்கள். தொடக்கத்தில், பெரும்பான்மையோடு ஒத்து வாக்களித்தவர்களுக்கு விளையாட்டுக் காசும் கொஞ்சம் கொடுத்தார்கள். நீதிபதிக்குத் தீர்ப்பின் பேரில் கமிஷன்! வியாபாரம் தெரிந்த எவனும் இதன் முடிவை முன்கூட்டியே சொல்லியிருப்பான். அதைப் பின்னால் எடுத்துவிட்டார்கள். 2014-இல் பஞ்சாயத்தையே நிறுத்திவிட்டார்கள். எனினும் அதனால் விளங்கிய விஷயங்கள் மதிப்புள்ளவை. விலக்கப்பட்டவனுக்கு, ‘நீ இன்ன நாளில் இன்ன வார்த்தை பேசினாய், அதற்காக’ என்று எடுத்துக்காட்டிச் சொன்னபோது, காரணம் சொல்லாமல் தண்டிக்கப்பட்டவர்களைவிட அப்படிப்பட்டவர்கள் அதிகமாகத் திருந்தினார்கள் என்று கம்பெனியே தெரிவித்தது. இன்னொன்று: வசவுகளில் பெரும்பங்கு எப்போதும் வசைபாடும் போக்கிரிகளிடமிருந்து வரவில்லை, சாதாரணமாக நல்லபடி நடப்பவர்கள் ஏதோ ஒரு கெட்ட நாளில் வாய் தவறியதால் வந்தது. எதிரணியோடு பேசும் வசதியை அவரவரே விரும்பித் திறந்தால் ஒழிய மூடியே இருக்கும்படி மாற்றி வைத்தபோதும் வசவு கணிசமாகக் குறைந்தது. தீமைக்குப் போகும் வாசலை அடைப்பது என்று நம் பிக்ஹு நூல்களில் ஒரு விதி உண்டு. ஆளைத் துரத்தாமல் வாசலை அடைத்தே பாதி வேலை முடியும்போது துரத்துவதில் ஏன் இத்தனை அவசரம்?

யந்திரமே தீர்ப்புச் சொல்லும் இடமும் உண்டு. ‘வால்வ்’ என்ற கம்பெனி கள்ளத்தனமாக ஆடுகிறவர்களைப் பிடிக்க ஒரு யந்திரக் காவலை வைத்திருக்கிறது. அதன் விலக்கு நிரந்தரம், மேல்முறையீடு இல்லை என்பது கொள்கை. 2010 ஜூலையில் அந்த யந்திரம் சுமார் 12,000 பேரைக் குற்றமற்றிருந்தும் விலக்கிவிட்டது. கம்பெனித் தலைவர் வருத்தம் தெரிவித்து, விலக்கை நீக்கி, ஒவ்வொருவருக்கும் வேறொரு விளையாட்டை இனாமாகக் கொடுத்தார். ஈடு கொடுத்தது நல்ல காரியம். ஆனால் 12,000 பேர் ஒன்றாகக் கூக்குரல் போட்டதால் அது வெளிவந்தது. பன்னிரண்டு பேர் மட்டும் என்றால் அவர்கள் குரலை யார் கேட்டிருப்பார்கள்? மேல்முறையீடு இல்லை என்ற வார்த்தையை அல்லாஹ்வின் நீதிமன்றத்துக்கு விட்டுவிடுவதுதான் மனிதர்களுக்கு அழகு.

கள்ளனைப் பிடிக்க எவ்வளவு தூரம் போகலாம் என்பதும் சிக்கலானதே. ரையட் கம்பெனி 2020-இல் வெளியிட்ட ‘வாலரண்ட்’ என்ற விளையாட்டுடன் ‘வேன்கார்ட்’ என்றொரு காவல்காரனையும் சேர்த்து அனுப்பிற்று. கம்ப்யூட்டரைத் திறந்த உடனேயே, விளையாட்டைத் தொடாதபோதும், அது யந்திரத்தின் அடித்தளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கள்ளத்தனம் செய்பவர்களும் அதே அடித்தளத்தில் புகுந்துகொள்வதால் வேறு வழியில்லை என்பது கம்பெனியின் வாதம். எனக்கு நினைவு வருவது கிதாபுகளில் சொல்லப்படும் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் சரித்திரம். இரவில் ஒரு வீட்டுச் சத்தம் கேட்டுச் சுவரேறிக் குதித்துக் குற்றவாளியைக் கையும் மெய்யுமாகப் பிடித்தார்கள். அவனோ, நான் செய்த தவறு ஒன்று, அமீருல் முஃமினீன் செய்தது மூன்று என்று கணக்குச் சொன்னான்: துருவிப் பார்த்தது, வாசல் வழியே வராதது, ஸலாம் சொல்லாமல் நுழைந்தது. கலீஃபா அவனை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். பிறர் குறையைத் துருவித் தேடலாகாது என்பது சூரத்துல் ஹுஜுராத்தின் கட்டளை. சர்வருக்குள் பகிரங்கமாக நடப்பதைப் பார்ப்பது குவியலில் கை விடுவது போன்றது. வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் புகுவது சுவரேறிக் குதிப்பது. முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்கித்தான் புகுகிறோம் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் விளையாட முடியாது என்ற நிலையில், பதினாலு வயதுப் பையன் ஓர் எழுத்தும் படிக்காமல் அமுக்கும் பொத்தானைச் சம்மதம் என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

அதிகாரம் யார் கையில் இருக்க வேண்டும் என்பதில் பெரிய தகராறே நடந்தது. 2022 ஜூலை வரை மைன்கிராப்டில் தனியார் சர்வர்களில் நடக்கும் பேச்சுக்கு அந்தந்தச் சர்வர்காரனே நாட்டாண்மை. அந்த மாதம் வந்த 1.19.1 பதிப்பில், எந்தச் சர்வரில் பேசிய பேச்சையும் நேரே கம்பெனிக்குப் புகார் செய்யலாம், கம்பெனியின் ஆட்கள் பார்த்து விலக்கினால் அவன் ஒரு சர்வரிலும், தன் சொந்தச் சர்வரிலும்கூடப் பிறரோடு விளையாட முடியாது என்று ஏற்பாடு செய்தார்கள். சர்வர்காரர்கள் கொதித்தெழுந்தார்கள், புகார் போக முடியாதபடி தடுக்கும் கருவிகளையும் செய்துகொண்டார்கள். இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஊர் நாட்டாண்மையே அக்கிரமக்காரனாக இருந்தால் ஏழை எங்கே போவான்? தூரத்தில் ஒரு மேல் கோர்ட்டு வேண்டியதுதான். ஆனால் தூரத்துக் காஜிக்கு ஊர் வழக்கம் தெரியாது. நம் பையன்கள் உயிர்ச் சிநேகிதனைப் பார்த்து, ‘கொன்னுடுவேன்டா உன்னை’ என்பார்கள். அதை எழுத்துக்கு எழுத்து ஆங்கிலத்தில் மாற்றிப் படிப்பவர் போலீஸைக் கூப்பிட்டுவிடுவார். சின்னப் பிள்ளைகளைக் கெடுப்பது, உண்மையான மிரட்டல் போன்ற பெருங்குற்றங்களுக்கு மட்டும் மேல் கோர்ட்டு, சில்லறைச் சண்டைகளுக்கு ஊர்ப் பஞ்சாயத்து என்று வைப்பதே என் அபிப்பிராயம்.

அதிகாரமே வேண்டாம் என்று பெரியவர்கள் ஒதுங்கிக்கொண்டாலும் காரியம் நடக்காது. ‘லாம்ப்டாமூ’ என்று படமே இல்லாமல் எழுத்தால் மட்டும் நடக்கும் ஓர் உலகத்தை, ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் பவெல் கர்ட்டிஸ் என்பவர் 1990-இல் தொடங்கினார். அதை நடத்தும் ‘மந்திரவாதிகள்’ இனி ஊர்ச் சண்டைகளில் தலையிடமாட்டோம், யந்திரத்தை மட்டும் பார்த்துக்கொள்வோம் என்று 1992 கடைசியில் அறிவித்தார்கள். மறு ஆண்டே ஒருவன் சபை நடுவில் சிலரை, எழுதக் கூசும் வகையில் மானபங்கம் செய்தான். ஊர் கூடிப் பேசியும் முடிவு வரவில்லை. கடைசியில் மந்திரவாதி ஒருவர் தாமாகவே அவனை ஒழித்துக்கட்டினார். பிறகு மகஜரும் வாக்கெடுப்பும் கொண்டுவந்தார்கள். 1996-இல், தீர்மானங்களை மறுபடி நாங்களே செய்கிறோம் என்று மந்திரவாதிகள் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. சாவி யார் கையில் இருக்கிறதோ அவன் காவல்காரன்தான். சாவியை மடியில் வைத்துக்கொண்டு நான் காவல்காரன் அல்ல என்று சொல்வது, வாசலில் எவனையும் பொறுப்பில்லாமல் நிற்கவிடுவதற்குச் சமம்.

கருணை என்ற பெயரில் எல்லாரையும் விட்டுவிடு என்று நான் சொல்வதாகக் கருத வேண்டாம். திட்டுகிறவனை மன்னித்துக்கொண்டே இருந்தால் திட்டு வாங்குகிறவன் சத்தமில்லாமல் போய்விடுவான், புகாரும் எழுதமாட்டான். கடையிலும் அப்படித்தான். சண்டைக்காரன் வாடிக்கை நிலைக்கும், சாதுவான பத்துப் பேர் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். காசு கொடுத்துப் பட்டம் வாங்கியவன் என்பதற்காக ஒருவனை விட்டுப்பிடிப்பது இன்னும் மோசம். விளையாட்டில் அனுகூலம் தரும் பொருளைச் சர்வர்காரர்கள் பணத்துக்கு விற்கக் கூடாது என்று மொஜாங் நிறுவனமே 2014-இல் கண்டிப்பாகச் சொல்லிற்று. தீர்ப்பிலும் அனுகூலம் விற்கக் கூடாது என்று நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

கண்டிப்பு வேண்டும் என்பதற்கு நம் சிங்கப்பூரிலேயே கசப்பான அத்தாட்சி இருக்கிறது. 2023 பிப்ரவரியில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட செய்தி பலருக்கு நினைவிருக்கும். 16 வயது மாணவர் ஒருவர், ‘ரோப்ளாக்ஸ்’ என்ற விளையாட்டில் ஐசிஸ் பெயரால் அமைத்திருந்த சர்வர்களில் சேர்ந்து, அந்த விளையாட்டுத் தலைவன் ஒருவனுக்கு பைஅத்தும் செய்துகொடுத்திருந்தார். பைஅத் என்ற சொல்லின் கனம் நமக்குத் தெரியும். அதைப் பொம்மை உருவங்கள் ஓடும் விளையாட்டில், முகம் தெரியாத ஒருவனுக்குக் கொடுக்கும் நிலைக்கு நம் சமுதாயத்துப் பிள்ளை ஒருவர் போனார். அந்தச் சர்வர்களிலும் சாவி வைத்திருந்தவன் ஒருவன் இருந்தான், அவன்தான் தலைவன். அப்படிப்பட்டதை மூடுவதற்கு விசாரணை, உபதேசம் என்று படி ஏறிக்கொண்டிருக்க நேரமில்லை.

ஆனால் சாதாரணக் குற்றத்துக்கு ஆயுள் விலக்குக் கொடுப்பவர்கள் ஹஜ்ரத் கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்களை நினைக்க வேண்டும். தபூக் யுத்தத்துக்குப் போகாமல் பின்தங்கிய அவர்களையும் வேறு இருவரையும் சேர்த்து மூவரோடும் யாரும் பேசக் கூடாது என்று விலக்கி வைக்கப்பட்டது. முதலில் அவர்களை அழைத்து, பின்தங்கியதற்குக் காரணம் கேட்கப்பட்டது, உண்மையைச் சொன்னார்கள். விலக்கு இருந்தது ஐம்பது நாள். அப்போதும் அவர்கள் பள்ளிக்கு வரவும் கடைத்தெருவில் நடக்கவும் தடையில்லை. அந்த நாட்களில்தான் கஸ்ஸான் தேசத்து அரசனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது: உம் தலைவர் உம்மை ஒதுக்கிவிட்டாராமே, எங்களிடம் வாரும், உம்மை ஆதரிக்கிறோம் என்ற கருத்தில். அவர்கள் அதை அடுப்பில் போட்டு எரித்தார்கள். ஊரால் விலக்கப்பட்டவனுக்கு எங்கிருந்து கடிதம் வரும் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம். கடிதத்தை எரிக்கும் ஈமான் கஅபு அவர்களுக்கு இருந்தது. பதினாறு வயதில், காரணமும் தெரியாமல் கெடுவும் தெரியாமல் விலக்கப்பட்ட பையனுக்கு அப்படியொரு கடிதம் வந்தால், அவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று யார் பார்ப்பது?

என் மருமகன் வழக்கு எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். இரண்டு பையன்களையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டுக் கேட்டான். கூலி பாக்கி உண்மை என்று தெரிந்தது. பாக்கிக்காக முறையிடாமல் தானே கைவைத்ததற்கு மூன்று நாள் விலக்கு என்று ஈப்போப் பையனுக்கு எழுதிக் கொடுத்தான். கூலியைக் கொடுக்கும்படி மற்றவனுக்கும் சொன்னான். மாடரேட்டர் வேலை பார்த்தவனிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டான். பேரேட்டைப் பார்த்துப் பெட்டிச் சாமான்கள் பெரும்பாலும் திரும்பின. ஆனால் ஒருவன் தனக்குக் கிடைத்த வைரங்களை ஏற்கெனவே இன்னொருவனுக்கு இருபது வெள்ளி நிஜப் பணத்துக்கு விற்றுவிட்டான். வாங்கியவனுக்குத் திருட்டுச் சரக்கென்று தெரியாதாம். இங்கேதான் நான் திணறுகிறேன். கையால் தொட முடியாத, யந்திரத்தை நிறுத்தினால் மறைந்துபோகிற அந்த வைரம் ஷரீஅத்தில் ‘மால்’ ஆகுமா? ஆகுமென்றால் இருபது வெள்ளியை யார் யாருக்குக் கொடுக்க வேண்டும்? பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். நம் ஆலிம்களில் யாரேனும் அடுத்த இதழில் இதற்கு விளக்கம் எழுதினால் அதைப் படித்துக்காட்டுவதாக அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.